ஒருநாள் வாடகை அலுவலகம்

பதினான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். பாதி வாழ்க்கையைக் கட்டடங்களின் தொண்டைக்குள் கழித்ததாலோ என்னவோ, வெளிச்சத்தில் நாலு பேர் முன்னால் நின்றால் பேச்சு வராது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களிடம் மட்டும் பிரமாதமாகப் பேசுவார். "பயப்படாதீங்க, வந்துட்டேன், சாவி கையிலதான் இருக்கு" என்பார். சாவி பல நேரம் இன்னும் வண்டியில் இருக்கும்.

ஒருமுறை கர்ப்பிணி ஒருத்தி இரண்டு மணி நேரம் உள்ளே சிக்கிக்கொண்டாள். புகார் சொல்லும் போன் ஏதோ ஒரு ஊரில் அடித்துக்கொண்டிருக்க, இவர் அடுத்த தெருவில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த ஆற்றாமையைக் கொட்டியபோது காதுகொடுத்துக் கேட்டது அண்ணி. அண்ணனோடு வேறு ஊரில் இருந்தவர். சாஃப்ட்வேர் வேலையைக் குழந்தைக்காக விட்டவர். பக்கத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று போனே கண்டுபிடித்துச் சொல்லாதா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் கம்பெனி ஆயிற்று. ஆளுக்குப் பாதி என்று வாயால் பேசிக்கொண்டார்கள்.

மூன்று வருடத்தில் நாற்பது கட்டடங்கள் சேர்ந்தன. அலுவலகம் மட்டும் கிடையாது. அண்ணி சமையலறை மேசையில், இவர் படுக்கையறை மூலையில், வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் வேறு இரண்டு ஊர்களில். காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை வீடியோ அழைப்பு ஒன்று திறந்தே கிடக்கும். அதற்கு 'ஜன்னல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சத்தம் வராது, முகங்கள் மட்டும். பேச வேண்டியவர் கை தூக்குவார். கை தூக்கினால் மற்றவர்கள் எந்த வேலையையும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். அண்ணி கொண்டுவந்த சட்டம் அது.

முதலீடு போடும் அம்மாள் ஒருவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னபோதுதான் மனைவியின் அண்ணன் நுழைந்தார். கார் விற்பவர், உலகம் தெரிந்தவர் என்று பேர்.

"ஆபீஸ் இல்லாத கம்பெனிக்கு எவன் மாப்ள காசு போடுவான்? அதுலயும் பார்ட்னர் அண்ணின்னு சொன்னா, நாளைக்குக் குடும்பச் சண்டையில பணம் போயிடும்னு ஓடிடுவாங்க."

இவர் தலையாட்டினார். ஒருநாள் வாடகைக்கு ஆறு மேசை போட்ட அறை கிடைத்தது. மனைவி, சகலை, பக்கத்து வீட்டுத் தம்பதி எல்லோரும் ஊழியர்களானார்கள். மச்சான் டை கட்டிக்கொண்டு, உயிரே இல்லாத லேப்டாப்பில் மும்முரமாகத் தட்டினார். காட்டப்போகும் பக்கங்களில் அண்ணியின் பேருக்கு எதிரே 'ஆலோசகர்' என்று இவரே மாற்றிவிட்டார். முழுப் பூசணிக்காயை மறைத்தாகிவிட்டது என்றுதான் நினைத்தார்.

அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தார். ஆனால் பக்கங்களைப் பெரிய திரையில் காட்ட இவருக்குத் தெரிந்தது ஒரே வழி, ஜன்னலைத் திறந்து அதற்குள் போடுவது. மூன்று வருடமாக அப்படித்தான் செய்துவந்தார். பழக்கத்தில் கை திறந்துவிட்டது. அவர் காட்டிய ஒவ்வொரு பக்கமும் அண்ணியின் சமையலறையிலும் தெரிந்தது.

மூன்றாவது பக்கம் வந்ததும் திரையின் ஓரத்துச் சதுரத்தில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"அவங்க கை தூக்கிட்டிருக்காங்க," என்றார் அந்த அம்மாள். "யாரு அது?"

ஆலோசகர் என்ற ஒரே ஒரு சொல் போதும். அந்தக் கை இறங்கவில்லை.

"என் பார்ட்னர். பாதிக் கம்பெனி அவங்களுது. நான் எழுதினது தப்பு." பிறகு மேசைகளைப் பார்த்தார். "இவங்கல்லாம் எங்க வீட்டு ஆளுங்க. இந்த ரூம் இன்னிக்கு மட்டும்தான்."

மச்சானின் தட்டல் நின்றது.

"ஆபீஸ் இருக்கணும்னு நான் கேக்கவே இல்லையே," என்று சொல்லி அந்த அம்மாள் நோட்டை மூடினார். கோபப்படவில்லை; அதுதான் அதிகம் வலித்தது. அண்ணியின் சதுரம் அதற்குள் இருண்டுவிட்டிருந்தது. மறுநாளும் இருண்டே இருந்தது.

அண்ணியின் ஊருக்கு எட்டு மணி நேரம் பஸ்ஸில் போனார். நடுவில் நிற்க விரும்பாத அண்ணன், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினார். அண்ணி தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். இவர் அந்த அறையில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். குழந்தை தரையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தது.

"வேற கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க தம்பி. போகலாம்னு இருக்கேன்."

"நீங்க போனா கம்பெனியே இல்ல, அண்ணி."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியல. காசு வராம போச்சேன்னு எனக்கு வருத்தமில்ல. என்னைக் கேக்காமலே என்னைக் குறைச்சிட்டீங்களே."

இவர் வெறுங்கையோடு வந்திருந்தார். குழந்தையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கி, அந்த மேசையிலேயே எழுதினார்: ஆளுக்குச் சரிபாதி, வெளியாளுக்குப் போகும் எதையும் இருவரும் பார்த்த பிறகே அனுப்புவது. கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அண்ணி இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"முதல்ல அந்த அம்மாவுக்கு நடந்தது எல்லாத்தையும் எழுதுங்க. மச்சான் கட்டின டை உட்பட."

எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. அண்ணி இரண்டு வரியை அடித்தார், ஒரு மன்னிப்பைக் குறைத்தார், பிறகுதான் அனுப்பவிட்டார். சாயங்காலம் பதில் வந்தது: இந்த முறை முடியாது, உண்மையைச் சொன்னதற்கு நன்றி.

அண்ணி அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்திட்டார்.

"சரி. அடுத்து யாரைப் பாக்கலாம்?" என்றார். "இந்தத் தடவை நானும் வரேன். உங்க மச்சான் வேண்டாம்."