பூசையில் வைத்த பென்டிரைவ்

என் ஓரகத்தி எதைத் தொட்டாலும், தொடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுப்பாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அடுப்படி அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பினாள். டப்பாக்களைக் கீழே இறக்குவதற்கு முன்பு செல்போனைத் தூக்கிப் பிடித்துத் தட்டு தட்டாகப் படம் எடுத்துக்கொண்டாள். எதுக்கு என்று மாமியார் கேட்டதற்கு, "புடிக்கலேன்னா பழையபடியே வச்சுரலாம்ல அத்தை" என்றாள். மாமியாருக்கு வாயெல்லாம் பல். அதே அலமாரியை வருஷக்கணக்காக நான் துடைத்திருக்கிறேன். எனக்கு அந்தப் பல் ஒரு நாளும் தெரிந்ததில்லை.

வீட்டின் முன்பக்கம்தான் எங்கள் கடை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடலோரத்து ஊர்க்காரர்களின் நிக்காஹ் அழைப்பு என்று எல்லாம் அடிப்போம். அச்சு மெஷின் என் கணவர் பொறுப்பு. கம்ப்யூட்டரில் டைப் அடித்து வடிவமைத்துக் கொடுப்பது நான். கொழுந்தன் வெளிநாட்டில் இருக்கிறான், அவன் பெண்டாட்டிதான் இவள். கம்ப்யூட்டர் படித்தவள். "வீட்டுல சும்மாதானே இருக்கு, அதுவும் கடையில ஒக்காரட்டுமே" என்று கணவர் சொன்ன அன்றைக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஏன் எரியாது? அந்தக் கம்ப்யூட்டர் என் கைக்குப் பழகியது. நான் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்த் தமிழ் அடிக்கக் கற்றவள். பழைய டைப்ரைட்டரில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ, என் விரல் அங்கேதான் போகும். கீபோர்டை அதற்கேற்றபடி செட்டிங் செய்து வைத்திருந்தேன். அதோடு என் சுருக்குகள். 'நிம' என்று அடித்தால் போதும், 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கும் முழு வரியும் வந்து விழும். தாய்மாமன் வரிசைக்கு ஒரு சுருக்கு, 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்கு ஒன்று, உற்றார் உறவினருக்கு ஒன்று. பத்திரிகைக்கு வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் ப்ரூஃப் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். "ஒங்களுக்குக் கையா, மெஷினா?" என்று கேட்பார்கள். அவ்வளவும் அந்த செட்டிங் செய்கிற வேலை. அது இல்லாவிட்டால் நானும் நாலு பேர் மாதிரி அடிக்கிறவள்தான். எனக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இவள் வந்து உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே கதை மாறிவிட்டது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கிற கூட்டம் அவள். தனக்கென்று ஒரு செட்டிங் போட்டுக்கொண்டாள். என்னுடையதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருப்பேன், அதற்கும் வழி இல்லாமல் போயிற்று. வருகிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே, "சின்னவுங்க இல்லீங்களா?" என்று கேட்பார்கள். நான் என்ன, கல்லுப்பிள்ளையாரா? அவள் கலர் எடுக்கிற அழகு, அவள் பேசுகிற பேச்சு, அவள் கட்டுகிற புடவை என்று எல்லாமே எனக்குப் பொறாமைதான். இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

நவராத்திரி சமயத்தில் கம்ப்யூட்டர் ரொம்பவும் மக்கர் செய்தது. ஒரு பைலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் உலை வைத்துவிட்டு வரலாம். பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், விஜயதசமியன்றைக்கே போட்டுவிடலாம் என்று கணவர் முடிவு செய்தார்.

"மாத்துறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்து வச்சுக்கணும் மாமா. செட்டிங்கெல்லாம் போயிரும்" என்றாள் அவள்.

"எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று நான் முந்திக்கொண்டேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சரஸ்வதி பூசையன்று கடைச் சாமான்களை எல்லாம் வாழையிலையில் வைத்தோம். கத்திரி, ஸ்டேப்ளர், ஸ்கேல், மவுஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. இவள் எங்கிருந்தோ ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து ஓரமாக வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். "இம்புட்டூண்டு சாமானுக்கும் மறக்காம பொட்டு வைக்குது பாரு" என்று மாமியார் உருகிப்போனார். அடேங்கப்பா, என்ன நடிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டவள் நான். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. கணவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியப் போவுது. இப்பவே ஆரம்பிச்சுரணும்" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"பேக்கப்பு?" என்று நான்தான் கேட்டேன்.

"அதை எடுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா எமகண்டம் வந்துரும். டிசைனெல்லாம் இன்னொரு டிரைவ்ல பத்திரமாத்தான் இருக்கு. நல்ல நேரத்துல ஆரம்பிச்சா எதுவும் போவாது."

அவள் சொன்ன யோசனையை இவர் தூக்கிப் போட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் அடுப்படியில் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கணவர் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டுவிட்டு பட்டனைத் தட்டினார்.

புது சிஸ்டம் பளபளவென்று வந்தது. அதே நேரத்துக்கு வல்லத்திராக்கோட்டையிலிருந்து எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். "நாள் நல்லாருக்கு. இன்னைக்கே மாதிரிப் பத்திரிகைய எடுத்துட்டுப் போயிச் சம்பந்தி வீட்டுல காட்டணும். அங்கிட்டு குன்றாண்டார்கோவில் பக்கம் போகணும், பஸ்ஸ விட்டுறக் கூடாது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "மூத்தவளுக்கு அடிக்கயில நான் டீ குடிச்சு முடிக்கல, நீங்க முடிச்சிட்டீங்க" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து 'நிம' அடித்தேன். என்னவோ கிறுக்கலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே கிறுக்கல். என் விரல் போகிற இடத்தில் என் எழுத்து இல்லை. சுருக்கு ஒன்றுகூட இல்லை. எத்தனை கல்யாணத்துக்கு உட்கார்ந்து சேர்த்தவை அவை! கண்ணைக் கட்டி வேறு யார் வீட்டு அடுப்படியிலோ விட்டதுபோல இருந்தது. அந்த மனிதர் டீயை ஆற்றிக்கொண்டு என் கையையே பார்க்கிறார்.

அடுப்படிப் பக்கம் திரும்பி ஒரு கத்து கத்தினேன். "ஏய், எங் கம்ப்யூட்டர்ல என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

கணவர் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டனைத் தட்டியவர் அவர், பக்கத்தில் நின்றவள் நான்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கையில் இருந்த மாவைக் கழுவினாள். பூசையறைக்குள் போய் அந்தப் பென்டிரைவை எடுத்து வந்தாள். குங்குமத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "பூசைக்கு முந்துன நாளே எடுத்து வச்சுட்டேன். கொஞ்சம் எந்திரிங்கக்கா" என்றாள். எழுந்தேன். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த மனிதர் இரண்டாவது டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. "இப்ப அடிச்சுப் பாருங்க" என்று எழுந்துகொண்டாள். 'நிம' அடித்தேன். நிகழும் மங்களகரமான என்று வரி வந்து விழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடித்துத் தள்ளினேன். ப்ரூஃபை வாங்கிக்கொண்ட அந்த மனிதர், "சின்னவுங்களுக்கு ராசியான கையி" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினார். அடித்தது நான். ராசி அவளுக்கா?

சாயங்காலம் நான் கடைக்குள் வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"என் செட்டிங்கப் புதுசாப் போடுறேங்க்கா."

"ஒன்னோடத எடுத்து வைக்கலியா?"

"இல்லக்கா. பூசை வேலையில நேரம் பத்தல. ஒங்களோடத மட்டும்தான் எடுத்தேன்."

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நல்லவள் என்ற பேரையும் இவளே தட்டிக்கொண்டு போக வேண்டுமா? "ஏன், ஒன்னோடத எடுத்துருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. "என்னோடது போனா நானே போட்டுக்குவேங்க்கா. ஒங்களோடது போனா நீங்க என்னயத்தானே சொல்லுவீங்க."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு, "வடை இருக்கா?" என்று கேட்டேன்.

"ஆறிப்போச்சுக்கா" என்றாள்.