அம்மா சொல்லாமல் போனது

பிள்ளைகளே, என் அம்மாவை நீங்கள் பார்த்ததில்லை. அவள் போனபோது எனக்கு எட்டு வயது.

கடைக்குப் போனாலும் தண்ணீர்க் குழாய்க்குப் போனாலும், "போயிட்டு வரேன்டா" என்று சொல்லாமல் அம்மா வாசற்படி தாண்ட மாட்டாள். அவள் கடைசியாக வீட்டிலிருந்து கிளம்பிய அன்று பௌர்ணமி. என்னைக் கிரிவலம் கூட்டிப்போய் அடி அண்ணாமலையில் ராட்டினம் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தவள், அப்பாவோடு ஆட்டோவில் ஏறிவிட்டாள். அவர்கள் போனது வேங்கிக்கால் பக்கம் ஓர் இல்லத்துக்கு. இனி குணமாகாது என்று ஆனவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இடம் அது. எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியக் கூடாதென்று, "பத்து நாள் ஊசி போட்டா சரியாயிடும், வந்துடலாம்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். நான் கோபத்தில் அவள் துணிப்பையை எட்டி உதைத்தேன். அவள் என் தலையைத் தடவி, "வேளைக்குச் சாப்புடு" என்றாள். அவ்வளவுதான்.

பத்து நாள்கூட ஆகவில்லை. அம்மாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பார்கள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்கள். அத்தை மட்டும் எங்களுக்குச் சமைத்துப்போட இருந்தார். அப்பா கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவர். சாவியைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அந்த இல்லத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். இறந்தவர்களின் வீட்டில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பதுதான் அவர் வேலை. பார்ப்பது என்றால், அப்பா பக்கத்தில் உட்காருவார், டீ குடிப்பார். இதற்கு ஒரு சம்பளமா என்று எனக்குத் தோன்றியது. கிளம்பும்போது, "போயிட்டு வரேங்க" என்றார். அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாம்மா, சாவு வீட்ல சொல்லிக்கினு போறே?"

"வியாழக்கிழமை வருவேன் இல்லீங்களா, அதான் சொன்னேன்."

சொன்னபடி வந்தார். வாராவாரம் வந்தார். அப்பா சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தார். நான்காவது வியாழன், செருப்பை மாட்டிக்கொண்டு அவர் "போயிட்டு வரேன்" என்றதும் எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, அம்மாவுக்கு எம்மேல கோவமா?"

"ஏன் அப்படிக் கேக்குற?"

"பையை ஒதச்சேன். அதான் போயிட்டு வரேன்னு சொல்லவே இல்ல. எப்பவும் சொல்லும்."

அப்பா சுவரிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"சொல்லலையா?"

"வேளைக்குச் சாப்புடுன்னுச்சு."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அப்பா. "நான் ஏமாத்தி இட்டுக்கினு போனேன்னு நெனச்சினு இருந்தேன். தெரிஞ்சேதான் வந்திருக்கா."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

அம்மா ஒளித்துவைத்த எதையோ நான் போட்டுக்கொடுத்துவிட்டேன், அதனால்தான் அப்பா அழுகிறார் என்று பயந்துபோனேன்.

மறுநாள் காலை அப்பா வேன் சாவியை எடுத்தார். படியில் நின்று, "போயிட்டு வரேன்டா" என்றார். அவர் திரும்பி வரும்வரை நான் வாசலைவிட்டு நகரவில்லை. அந்த ஒரு வார்த்தையை அம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது மட்டும் அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. வர முடியாது என்று தெரிந்தவள் வேறு என்னதான் சொல்லியிருப்பாள்?