செல்வி அக்காவின் போட்டோ

காட்கோபரில் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனபோது, கடைக்காரர் நீட்டிய பவுடர் டப்பாவின் வாசனையில் எனக்குத் தாராவி ஸ்டுடியோ நினைவுக்கு வந்தது. இன்று அந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது.

காய்ச்சலில் இறந்த செல்வி அக்காவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே முகச்சாயல் என்பதால், அம்மா அவளுடைய தாவணியை எனக்குச் சுற்றி, அவள் வைப்பது போலவே பொட்டு வைத்து அங்கே கூட்டிப் போனாள். வெயிலில் தகரக்கூரை முறுமுறுத்துக்கொண்டிருந்த அந்த அறையில், போட்டோக்காரர் என் தோளைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக மடியில் அடுக்கி, "நாடியக் கொஞ்சம் தாழ்த்து தாயி, மூச்ச மெல்ல விடு" என்றார்.

"அவ எப்பவும் தலைய எடப்பக்கம் சாய்ப்பா" என்றாள் அம்மா. சாய்த்தேன்.

"சிரிக்கையில பல்லு தெரியாது." உதட்டை மூடிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் தணிந்துகொண்டே வந்தது.

விளக்கு மின்னியதும் எழப் போனேன்.

"எந்திரிக்காத செல்வி. இன்னுங் கொஞ்ச நேரம் இரு" என்றாள்.

போட்டோக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அசையாமல் இருந்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் மாலைக்குள் இருப்பது நான்தான். அம்மா ஒருநாளும் அதை ஒப்புக்கொண்டதில்லை.