காலிக் குப்பியின் பொட்டு

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நானே நம்பாதவள்தான், ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

பத்து பகாட் ஊர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவது, குப்பை கட்டுவது, மேசை துடைப்பது எல்லாம் என் வேலை. பிடித்துத்தான் செய்கிறேன். அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்தவள் கவிதா, மூவார் ஊர்ப் பெண். தோலில் காயம் எப்படி ஆறுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அதற்காக வெளிநாட்டிலிருந்து ஒரு புரதம் வரவழைத்திருந்தாள். நம் உடம்பில் ஒரு செல் பக்கத்துச் செல்லிடம் ‘வளர், காயத்தை மூடு’ என்று சொல்லி அனுப்புகிற செய்தியாம் அது. மனித மரபணுவைக் கிருமிக்குள் வைத்து, அந்தக் கிருமியையே செய்யவைத்து எடுப்பார்களாம். சுண்டுவிரல் நுனியளவு குப்பி, ஒன்றே ஒன்று. இன்னொன்று வர ஆறு வாரம் ஆகும், அதற்குள் அவள் கெடு முடிந்துவிடும்.

அன்றைக்கு ஆயுத பூசை. மிஷினுக்குப் பொட்டு வைக்கும் முன் இடம் சுத்தமாக இருக்க வேண்டுமே, எல்லா மேசையையும் துடைத்தேன். ஓர் ஓரத்தில் கவிதா பெயர் எழுதிய சின்னக் குப்பி நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. தீர்ந்துபோனது என்று, எரிக்க அனுப்புகிற மஞ்சள் குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். மூன்று மணிக்கு லாரி வந்து பையை எடுத்துப் போனது. நாலு மணிக்குச் சந்தனம் குழைத்து மிஷின்களுக்குப் பொட்டு வைத்தேன், பேராசிரியர் கண்ணில் படாமல் எல்லாம் பின்பக்கம்தான்.

ஐந்து மணிக்குக் கவிதா போன் அடித்தாள். பூசைக்கு மூவாருக்குக் கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டாளாம்.

“அக்கா, மேசையில ஒரு குப்பி வச்சிட்டு வந்துட்டேன், பிரீசர்ல வச்சிருங்க லா. பார்த்தா காலி மாதிரி இருக்கும், உள்ள இருக்கிற தூள் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு அதுலதான் என் கடைசி டெஸ்ட்டு.”

“சரிம்மா” என்று சொல்லிவிட்டேன். என் வாயை என்ன செய்வது? லாரிக்காரருக்குப் போன் போட்டால், பை எல்லாம் அடுப்புக்குள் போய் எரிந்தாச்சு என்றார். அந்தப் பிள்ளை நாலு வருடம் பட்ட பாட்டை, சுத்தம் சுத்தம் என்று நானே கூட்டித் தள்ளிவிட்டேனே என்று அழுகை வந்தது.

காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று மறுநாள் ஏழு மணிக்கே போய்ப் பூட்டைத் திறந்தேன். எந்த நம்பிக்கையில் பிரீசரைத் திறந்தேன் என்று கேட்காதீர்கள், திறந்தேன். மேல்தட்டில் அந்தக் குப்பி இருந்தது. அதே பெயர், அவள் கையெழுத்து. மூடியில் பயறளவு சந்தனம், நடுவில் குங்குமம். நான் பொட்டு வைத்த நேரத்தில் அந்தக் குப்பி லாரியில் அல்லவா இருந்தது? தொட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க உறைகுளிரில் கிடந்த சந்தனம் விரலில் ஈரமாக ஒட்டியது.

ஒன்பது மணிக்கு வந்த கவிதா பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். நான் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். அவள் டெஸ்ட் அவ்வளவு நன்றாக வந்தது, பேராசிரியரே எழுந்து வந்து பார்த்தார்.

பட்டம் வாங்கியதும் என்னை வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனாள். அந்தக் காலிக் குப்பியை ராசி என்று பத்திரமாக வைத்திருந்து எனக்கே கொண்டு வந்திருந்தாள். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

“வேற ஏதாச்சும் காலி குப்பிய போட்டிருப்பீங்க லா அக்கா.”

“அந்தப் பொட்டத் தொட்டுப் பாரும்மா.”

தொட்டாள். விரல் நுனியில் ஈரச் சந்தனம் ஒட்டியது. பிறகு டிஷ்யூவில் துடைத்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள், அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

இப்போது அவளுக்குச் சிங்கப்பூரில் நல்ல வேலை, எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். குப்பி என் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது. மூன்று வருடம் ஆகிறது, நான் புதிதாகச் சந்தனம் வைத்ததே இல்லை. இன்றைக்குக் காலையில் விளக்கேற்றும்போதும் மூடியைத் தொட்டேன், விரலில் ஒட்டியது.