வெட்டிய மூன்று சொற்கள்

மனுவிலிருந்து நான் வெட்டியது மூன்றே சொற்கள்: ‘ரெண்டு பேருக்கும் நடுவுல.’

ஜமுனாமரத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தப் பெண் ஒரு வியாழக்கிழமை காலை வந்தார். இரண்டு மேடு தாண்டினால் அவருடைய கிராமம். கணவர் அரபு நாடு ஒன்றில் ஆடு மேய்க்கப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மணற்காற்று வீசிய ஒரு நாளில் மந்தையில் சில ஆடுகள் காணாமல் போயின. அவர் விற்றுவிட்டார் என்று முதலாளி புகார் கொடுக்க, நான்கு மாதமாகச் சிறையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோப்பு நீதிபதியிடம் போகிறது, அதற்குள் வீட்டிலிருந்து ஒரு மனு அரபியில் வந்தால் நல்லது என்று உடன் வேலை செய்தவர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நீதிமன்ற அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரியை ஒரு நோட்டுத் தாளில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“இங்கிலீஷ் பேப்பர்ல இருந்தவருன்னு சொன்னாங்க. அரபி வருமா சார்?”

“வராதும்மா. போன்ல மாத்தலாம்.”

“போனுக்கு வருமா?”

“வரும்னுதான் சொல்றாங்க.”

“அப்ப உங்களுக்கு மேல அது படிச்சிக்கீது” என்றார். சிரிக்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். “எங்க வூட்டுக்காரரு தப்பே பண்ணலன்னு நான் சொல்லல. நான் பாக்கல. அந்த மொதலாளியும் கூட நின்னு பாக்கல. ரெண்டு பேருக்கும் நடுவுல சீக்கிரம் நாயம் வெக்கச் சொல்லுங்க. அவுரும் பேசட்டும், இவுரும் பேசட்டும். அப்பறம் இன்னா சொல்றாங்களோ சொல்லட்டும்.”

நாயம் வைப்பது என்றால் இந்த மலையில் தீர்ப்புச் சொல்வது மட்டுமல்ல. ஒருவர் மாடு இன்னொருவர் சாமைக் கொல்லையில் இறங்கினால் ஊரைக் கூட்டுகிறார்கள். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திப் பேச விடுகிறார்கள். ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கு நாயம் இல்லை. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் முதலில் ‘அட்ஜுடிகேட்’ என்ற வினைச்சொல்லைத்தான் எழுதினேன். வழக்கை விசாரித்து முடிவு சொல்வதற்கு உரிய சொல் அது. பிறகு பழக்கம் கையை இழுத்தது. குட்டைச் சொல் இருக்கும் இடத்தில் நெட்டைச் சொல் கூடாது என்பது பத்திரிகையில் நான் வேலை பார்த்த செய்தி மேசையின் விதி. ‘ஜட்ஜ்’ என்று மாற்றினேன். நீதிபதி என்றாலே இரண்டு தரப்பும் உண்டு, தனியாகச் சொல்வானேன் என்று அந்த மூன்று சொற்களையும் எடுத்தேன். ‘என் கணவரைத் தாமதமில்லாமல் ஜட்ஜ் செய்யுங்கள்’ என்ற அளவில் வாக்கியம் நின்றது. கச்சிதமாக இருந்ததில் எனக்குத் திருப்தி. கைபேசி அதை அரபியாக்கியது. வலமிருந்து இடமாக ஓடிய அந்த வரியில் எனக்கு ஒரு புள்ளிகூடப் புரியவில்லை. தபால் நிலையத்துக்கு எதிரே நின்றால் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே போய் அனுப்பினோம். ஒரு நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது, ஒரு எண்ணோடு. அவர் அந்த எண்ணைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாத்திரை வாங்கத் திருப்பத்தூர் இறங்கினேன். அங்கே அரபு கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் எனக்குப் பழக்கம். மனுவைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“இத எழுதனது யாருங்க?”

“நான்தான்.”

“நீங்க அந்த ஆளுக்கு வேண்டியவரா, வேண்டாதவரா?”

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவை எடுத்தார். “‘ஹகம’ன்னா தீர்ப்பு சொல்றது. அதுக்கு அப்பறம் ஒட்டற சின்ன சொல்லுலதான் எல்லாம் இருக்குது. ‘பைன’ன்னா ரெண்டு பேருக்கு நடுவுல. ‘லி’ன்னா அவருக்குச் சாதகமா. ‘அலா’ன்னா அவரு மேல. இதுல ‘அலா’ போட்டிருக்குது.”

“அப்படின்னா?”

“எம் புருசனுக்குச் சீக்கிரம் தண்டன குடுங்கன்னு அந்தம்மா கேக்கறாங்க.”

ஆங்கில வினைச்சொல்லுக்குப் பக்கம் கிடையாது. அரபிக்கு மாற்றும்போது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எந்தப் பக்கம் என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லியிருந்தார். சொன்னதை நான் வெட்டினேன். மீதி இருந்ததை வைத்து இயந்திரம் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

ஆசிரியர் அங்கேயே புதிய மனுவை எழுதிக் கொடுத்தார், ‘பைன’ போட்டு. முன்பு வந்தது தவறான மொழிபெயர்ப்பு என்று ஒரு வரியும் சேர்த்தார். அதே முகவரிக்கு அனுப்பினேன். அதே பதில் வந்தது, வேறு ஒரு எண்ணோடு. பதிலில் இருந்த தொலைபேசியில் கூப்பிட்டோம். வெள்ளியும் சனியும் விடுமுறை என்று ஒரு பதிவுக் குரல் அரபியில் சொன்னதாக ஆசிரியர் சொன்னார்.

மாலை பேருந்தில் மலையேறி, நேரே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கையிலிருந்த புளியை ஓடு நீக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“நான் சொன்னத அப்பிடியே எழுதறதுக்கு இன்னா சார்?”

புதிய மனுவைக் கைபேசியில் எடுத்துக் காட்டினேன்.

“ரெண்டும் போயிருச்சா?”

“போயிருச்சும்மா.”

“எத்தப் படிப்பாங்க?”

“தெரியல.”

“மொதல்ல போனதத்தான மொதல்ல படிப்பாங்க.”

இரண்டாவது எண்ணைக் காட்டினேன். அதையும் படம் பிடித்தார். உடன் வேலை செய்தவருக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு. அங்கே அலுவலகம் திறக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, தபால் நிலையத்துக்கு எதிரே போய் நின்றேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். பதிலில் இருந்த அதே தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மூன்றாவது முறை ஒருவர் எடுத்து அரபியில் ஏதோ கேட்டார். ஆங்கிலத்தில் பேசினேன். அவருக்கு அது புரியவில்லை. எனக்கு நினைவில் நின்ற ஒரே அரபிச் சொல்லைச் சொன்னேன்: “பைன.” திரும்பச் சொன்னேன். அவர் முதலில் கேட்டதையே மறுபடி கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

“இன்னா சொன்னாரு?” என்று அந்தப் பெண் கேட்டார்.