அப்பா பேர் போட்ட தட்டு

கடல் தாண்டி மூவாருக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது ஒரு கேள்விதான். "சுடா மாக்கான்?" மலாய் மொழியில் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி ரோஸ், எல்லோருக்கும் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, தினமும் வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். நான் கணக்கு பார்க்கும் நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் வாசல் காவலாளியும் கேட்பார். நான் சாப்பிட்டால் என்ன, பட்டினி கிடந்தால் இவர்களுக்கு என்ன? திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவுக்கு வந்து இப்படிக் கேட்டவர்கள் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் மட்டும்தான். அதனால் சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் "சுடா", ஆச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

எங்கள் தெரு எது என்று ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோவிலுக்குக் காகித நட்சத்திரம் கட்டியதும் பந்தலுக்குக் கால் நட்டதும் நாங்கள்தான். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து சபை விருந்து தொடங்கும்போது மட்டும் யாராவது ஒரு பெரியவர் அப்பாவிடம் வந்து, "தட்டு பத்தாது, உங்க ஆளுக தட்ட நீங்களே கொண்டு வந்துருங்க" என்பார். மற்றவர்களுக்கு எப்படியோ பத்தும். அப்பா எவர்சில்வர் தட்டில் தன் பெயரை வெட்டச் சொல்லி வாங்கினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். அவருக்குக் கோபமே வராது என்பதுதான் என் கோபம். அவர் போன பிறகு நான் கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன். தட்டை மட்டும் பெட்டியில் வைத்து இங்கே கொண்டு வந்தேன்.

இங்கே என் மனைவி ஜெயாதான் தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்று கண்டுபிடித்தாள். நான் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டு வெளியிலேயே நிற்பேன். அங்கே யாக்கோப் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். பாலோ ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர், இப்போது லாரி ஓட்டுகிறார், சபையில் எல்லா வேலைக்கும் அவர்தான். டிசம்பர் பிறந்ததும் அவருடைய போன் ஓயவில்லை. நாற்காலி, கூடாரம், பாட்டு ஒத்திகை, பிள்ளைகளின் தேவதூதர் வேஷத்துக்குச் சிறகு தைப்பது என்று ஒரே ஓட்டம். பிறந்த ஆண்டவரைப் பற்றி மட்டும் யாரும் பேசிக் கேட்டதில்லை. அப்புறம் ஒருநாள் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, ஒங்க வீடு மூலை வீடு, காம்பவுண்டு பெருசா இருக்கு. இந்த வருசம் ஓப்பன் ஹவுஸ் விருந்த இங்க வச்சிரலாம் லா. அக்கம்பக்கத்துல எல்லாரும் வருவாங்க."

வேலைக்கு ஆள் அகப்பட்டான் என்று நினைக்கிறார், வேறென்ன. ஆனால் ஜெயாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். புறப்படும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"ஒரு விசயம். ஒங்க தட்டு, சட்டி எதையும் வெளிய எடுக்காதீங்க. நாம சமைக்கச் சொல்லியிருக்கிற மலாய்க்காரம்மா எல்லாத்தையும் கொண்டு வந்துருவாங்க."

கடல் தாண்டி வந்தும் தட்டுதானா? "ஏன், எங்க தட்டுக்கு என்ன?" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது.

அண்ணன் விழித்தார். "மலாய்க்காரங்க வர்றாங்கல்ல? முஸ்லிம்ங்க. நம்ம சட்டில பன்னி கின்னி சமைச்சிருப்போமோன்னு அவங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது. எங்க வீட்டுலயும் அப்படித்தான் செய்வோம்."

நியாயமான காரணம். ஆனால் 'தட்டு பத்தாது' என்பதும் நியாயமான காரணமாகத்தான் இருந்தது. சாதி ஊரோடு நின்றுவிடும், கப்பலேறாது என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா? அன்று இரவு ஜெயாவிடம், "வீட்டுக்குள்ள தனியா ஒரு சட்டி ஆட்டுக்கறி வை. நம்ம சபை ஆளுகளுக்குப் பன்னிக் கணக்கு கிடையாதே, எவன் வந்து நம்ம தட்டுல சாப்பிடுறான்னு பாக்குறேன்" என்றேன்.

"கறி வைக்கிறேன். ஆனா கோவில்ல நீங்க யாரைத் தேடுறீங்க? ஆண்டவரையா, குத்தவாளியையா?" என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று கூடாரம் நிறைந்துவிட்டது. காக் ரோஸ் குடும்பத்தோடு வந்தார், சீனக் குடும்பங்கள் வந்தன, சபையார் வந்தார்கள். எல்லோரும் வெளியிலேயே, சமைத்த அம்மா கொண்டுவந்த தட்டுகளிலேயே சாப்பிட்டார்கள். நான் சமையலறைக் கதவருகே போலீஸ்காரன் மாதிரி நின்றேன். பிள்ளைகள் பாடியது காதில் ஏறவில்லை. எந்தச் சபையாரும் உள்ளே வரவில்லை. உள்ளே ஒரு சட்டி இருப்பதை யாருக்கும் சொல்லவில்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை. சொன்னேன் பார்த்தாயா என்று மனம் ஒருமாதிரி சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷம்தான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கூட்டம் கலையத் தொடங்கியபோது யாக்கோப் அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அலமாக், ஆட்டுக்கறி வாசம்! ஜெயா, இத ஒளிச்சு வச்சிக்கிட்டா என்னைய ஓட விட்டீங்க? நான் காலையிலேருந்து பச்சத் தண்ணிகூட குடிக்கல. போடும்மா."

ஜெயா என்னைப் பார்த்தாள். அதற்குள் அவரே தட்டு அடுக்கில் கைவிட்டு ஒன்றை உருவினார். அப்பாவின் தட்டு. விளிம்பைத் தடவி, "அப்பா பேரா? நல்ல கனம் லா" என்றார். தரையில் உட்கார்ந்து, சோற்றின் மேல் கையை நீட்டிக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, கால் வலிக்குது, கறி மணக்குது, ஒமக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்று யாரோ சொன்னார்கள். நான்தான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. சத்திரத்தில் இடமில்லாமல் மாடு தின்கிற முன்னணையில் கிடந்த பிள்ளையைப் பற்றிச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு எங்கள் வரிசை தெரிந்திருக்கும் என்று அன்றுதான் தோன்றியது. கோபமே வராத அப்பா அந்த வரிசையில் யாரோடு நின்றார் என்பதும் கொஞ்சம் புரிந்தது. நடிக்கிறாரோ என்று அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைக்க வாசலுக்கு வந்தேன். காக் ரோஸ் விடைபெற நின்றிருந்தார். "சுடா மாக்கான்?" என்றார்.

வெளியே கூடாரத்தில் அவருக்கும் எனக்கும் பொதுவான தட்டுகள். உள்ளே காக் ரோஸ் சாப்பிட முடியாத அப்பாவின் தட்டு. நான் நடுவில், படியில் நின்றேன்.

"பெலும், காக்" என்றேன். இன்னும் இல்லை அக்கா.