ஆறு விரல் கணக்கப்பிள்ளை

நான் எழுதிய ஒரே நாவலில் ஒரு சதி வருகிறது. அதை முழுக்க முழுக்க நானே கட்டினேன். இதைச் சொன்னால் எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கேயே பிறந்து, அங்கிருந்தே படித்து, பக்கத்துப் பாடசாலையில் தமிழ் ஆசிரியை ஆனவள் நான். இப்போதும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அப்பாவின் வீட்டில்தான் குடியிருக்கிறேன். மலை உச்சியில், எரிந்துபோன பழைய தேயிலைத் தொழிற்சாலை, எங்கள் பேச்சில் ஸ்டோர், ஒன்று கிடக்கிறது. கூரை இல்லை, கருங்கல் சுவர்களும் துருப்பிடித்த ஒரு சக்கரமும் மட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் எரிந்தது என்பார்கள். ஏன் எரிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

என் நாவலில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையும் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஸ்டோரைக் கொளுத்துகிறார்கள். சங்கம் சேர்க்கப் பார்த்த மூன்று தொழிலாளர்கள் மீது பழியைப் போடுகிறார்கள். தோட்டத்து ஆட்களின் பேர் பதிகிற கணக்கப்பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறி, கண்ணால் பார்த்ததாகப் பொய் சொல்கிறான். பன்னிரண்டு பக்கத்துக்கு மடை திறந்ததுபோல் பேசுகிறான். மூவரும் சிறையில் சாகிறார்கள். பல வருடம் கழித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் ஒரு தோட்ட ஆபீஸ் கிளாக்கரை மிரட்டி, 'எல்லாம் என் கற்பனை' என்று சொல்ல வைக்கிறார்கள். அதுதான் கடைசி அத்தியாயம். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

கணக்கப்பிள்ளைக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. இடது கையில் ஆறாவது விரல் ஒன்று வைத்தேன். அதை எங்கே பார்த்தேன் என்பதை மறந்துவிட்டேன். அல்லது, மறந்ததாக வைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்த இரண்டாம் மாதம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வீடு தேடி வந்தார். தொழிலாளர்களுக்காக எல்லா இடத்திலும் முன்னால் நிற்கிற மனிதர்.

"டீச்சர், நம்ம தோட்டத்துக்கு இப்பதான் ஒரு சரித்திரம் கெடச்சிருக்கு. அந்த மூணு பேருக்கும் ஸ்டோர்கிட்ட கல்லு வைக்கப் போறோம். நீங்கதான் தெறந்து வைக்கணும்."

"தலைவரே, அந்த மூணு பேரும் நான் உண்டாக்கின ஆளுங்க. அப்படி யாரும் இருந்ததில்ல."

அவர் சிரித்தார். பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாரு டீச்சர் ஒங்கள மெரட்டுனது?"

"யாரும் மெரட்டல. எல்லாம் என் கற்பனை."

சொன்ன பிறகுதான் என் கிளாக்கரின் வசனத்தையே சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. தலைவருக்கும் உறைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்றார். அதன் பிறகு கடையிலும் பஸ்ஸிலும் பாடசாலையிலும் இதே கதைதான். மறுக்க மறுக்க என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறு விரலை ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு இரண்டு லயம் கீழே ஒரு பெரியம்மா இருக்கிறார். உறவில்லை, கூப்பிடுகிற முறைதான். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன் கொழும்பில் வேலை, மருமகளோடு இருக்கிறார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் இங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருக்கு இடது கையில் ஆறு விரல்.

மாரியம்மன் திருவிழாவில் ஐந்தாம் நாள் பூசைச் செலவை ஏற்கும் உபயம் தலைமுறையாக அந்த வீட்டுக்குரியது. அந்த வருடம் கோயில் கமிட்டி அதை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தது. மலையில் கொழுந்து பறிக்க மருமகளோடு யாரும் சேர்ந்து நிரை பிடிக்கவில்லை. ஒருநாள் பாடசாலை விட்டு வரும் வழியில் அவள் என்னை மறித்தாள்.

"எங்க மாமிக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கு, வாசிக்க முடியாது. என்னதான் எழுதியிருக்குன்னு ஒங்கள வந்து வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க. வருவீங்களா, இல்ல பயமா?"

போனேன். மூன்று பிற்பகல்கள். வெளியே மழை, குளிருக்காக மருமகள் கதவைச் சாத்திவிடுவாள். ஜன்னல் இல்லாத காம்பராவில் ஒரு பல்பு. எதிர்ச் சுவரில் அந்தப் புகைப்படம் தொங்கியது. கோட்டுப் போட்ட ஒரு மனிதர், நாற்காலிக் கையில் விரித்து வைத்த இடது கை. சிறுமியாக இருந்தபோது ஏதோ விசேஷத்துக்கு வந்து, அந்த விரல்களை எண்ணிப் பார்த்தது ஞாபகம் வந்தது. மூச்சு முட்டியது. எழுந்து போகலாம் என்றால் பெரியம்மா கதையில் மூழ்கிப்போயிருந்தார். "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நீதிமன்றக் காட்சி வந்தபோது சில பக்கங்களைச் சேர்த்துத் திருப்பினேன்.

"பக்கத்தத் தள்ளாத. சத்தம் கேக்குது" என்றார்.

ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடித்ததும் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இது எங்கப்பா இல்ல. அவருக்குத் திக்குவாய். காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்புடுறதுக்குள்ள வெயில் வந்துரும்னு சனம் சிரிக்கும். இத்தன பக்கம் அவரு எங்க பேசுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்த வெரல எங்க பார்த்த?"

"இங்கதான் பெரியம்மா. இந்தப் படத்துல."

"கேட்டிருந்தா அவரப் பத்திச் சொல்லியிருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. பெரியம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, விரலை அந்த வீட்டுப் படத்திலிருந்து திருடினேன், மிச்சமெல்லாம் பொய் என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "கடைசி அத்தியாயம் மாதிரியே பேசுறாங்க" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

பெரியம்மா உட்கார்ந்தபடியே திக்குவாயைப் பற்றிச் சொன்னார். முன் வரிசையிலிருந்த பழைய கங்காணி ஒருவர், எண்பது வயதிருக்கும், வாய்விட்டுச் சிரித்தார். "ஆமாய்யா! என் பேரச் சொல்ல முடியாம கைய காட்டித்தான் கூப்புடுவாரு. அவரா கோர்ட்டுல பேசுனாரு?"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஐந்தாம் நாள் உபயம் அங்கேயே திரும்பக் கிடைத்தது. எனக்கு மூச்சு வந்தது. அப்போது தலைவர் எழுந்தார்.

"அப்ப சாட்சி சொன்னவன் வேற கணக்கப்பிள்ளை. பக்கத்து டிவிசன்லயும் ஒருத்தர் இருந்தாருல்ல?"

சிரிப்பு அடங்கி, ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரிசையில் அந்தப் பக்கத்து டிவிசன் கணக்கப்பிள்ளையின் குடும்பம் தலை குனிவதைக் கண்டேன். கதவு வேறு பக்கமாக மூடிக்கொண்டது. அப்படி யாருமே இல்லை என்று நான் சொன்னால் அதுவும் என்னை யாரோ மிரட்டியதற்குச் சாட்சியாகத்தான் போகும்.

"தலைவரே" என்றேன். "கல்லத் தெறக்க நான் வர்றேன். ஆனா சாட்சி சொன்னவன இனி யாரும் தேடக் கூடாது. இந்த மண்டபத்துலயே எல்லாரும் ஒத்துக்கணும்."

ஒத்துக்கொண்டார்கள். சந்தோஷமாகவே. நான் கடைசியில் துணிந்துவிட்டேன் என்று நினைத்தார்கள்.

ஒரு பனிக் காலையில் அந்தத் துணியை இழுத்தேன். கறுப்புக் கல்லில், பிறக்காத மூன்று பேரின் பெயர்கள், நான் வைத்த பெயர்கள், வெள்ளையில் வெட்டப்பட்டிருந்தன. கைதட்டினார்கள். பெரியம்மாவும் வந்திருந்தார், மற்றவர்களைப் போல அவரும் ஒரு பிடி பூவைப் போட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வாக்கு நிற்கிறது. யாரும் யாரையும் தேடவில்லை. அந்த மருமகள் மட்டும் என்னோடு பேசுவதில்லை. நான் இன்னொரு நாவலை ஆரம்பித்து, ஆட்களுக்கு முகம் வைக்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்த மூவரைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். நல்ல கட்டுரை, அவர்களில் ஒருவருக்கு அவளே ஒரு தங்கையையும் சேர்த்திருந்தாள். மேசைக்கு முன்னால் அவள் காத்து நின்றாள். அந்தத் தங்கை வரும் வரியின் மேல் சிவப்புப் பேனாவை வைத்தேன், அடிக்காமல் எடுத்தேன். பிறகு இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.